பட்டறைப் பக்கம்: டீசல் தீர்ந்த வண்டியும் உடையும் போல்ட்டும்

கேள்வி: ஐயா, உழவு நடுவில் டீசல் தீர்ந்துவிட்டது. கேனில் வாங்கி வந்து ஊற்றியும் டிராக்டர் கிளம்பவில்லை. செல்ப் அடித்து அடித்து பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் மறுநாள் வந்து சட்டென்று சரிசெய்துவிட்டுப் போனார். அதை நாமே செய்ய முடியாதா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. டேங்க் காலியானதும் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசலை அழுத்தினால் அழுத்தம் ஏறும். காற்றோ அமுங்கிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) வழியே பீய்ச்சும் அளவுக்கு அழுத்தம் வராது. அந்த நிலையில் எத்தனை தடவை செல்ப் அடித்தாலும் வீண்.

டேங்கில் பாதிக்காவது டீசல் ஊற்றிக்கொள்ளுங்கள். பில்டர்களைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள். டேங்க் பக்கமுள்ள பில்டரின் தலையில் ஏர் ஸ்க்ரூ, அதாவது காற்றை வெளியேற்றும் திருகு இருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, ஃபீட் பம்ப்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) கை லீவரை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வழியும்போது, அடிப்பதை நிறுத்தாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது பில்டர், கடைசியாக, நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ. இந்த வரிசை மாறினால் பின்னாலிருக்கும் காற்று மறுபடி முன்னால் வந்துவிடும்.

லீவரை அடிக்கும்போது கையில் பிடிப்பே தெரியவில்லை என்றால் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே பம்ப்பை இயக்கும் கேம் (முட்டை வடிவச் சக்கரம்) அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

அப்படியும் கிளம்பாவிட்டால், நாசில் பக்கத்து பைப் நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்துச் செல்ப் அடியுங்கள். டீசல் கசிந்ததும் இறுக்கிவிடலாம். செல்ப்பைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம், ஆறவிட்டு அடியுங்கள். அந்த நேரத்தில் முகத்தையோ கையையோ நாசில் அருகே கொண்டுபோகாதீர்கள். பழைய வண்டியிலும் டீசல் 200 பார் அளவு அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கில் பீய்ச்சும். தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும்; வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் டிரெம் 4 புகை விதி வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய பெரிய வண்டி என்றால் பெரும்பாலும் காமன் ரெயில் இன்ஜினாக (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருக்கும். அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதில் பைப் நட்டைத் தொடவே வேண்டாம், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ரோட்டவேட்டர் ஷாப்டில் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கடைக்காரர் ஹைடென்சைல் (அதிக உறுதியான) போல்ட் போட்டால் உடையாது என்கிறார். போடலாமா?
– வாசகர், உளுந்தூர்பேட்டை

பதில்: உடையாதுதான். அடுத்த முறை வேரிலோ கல்லிலோ கத்தி மாட்டினால் கியர் பல் உடையும். தான் உடைந்து கியரைக் காப்பாற்றத்தான் அந்தப் போல்ட் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அதே அளவு, அதே தரம் மட்டும் போடுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டு வருபவர்களையும் பார்க்கிறேன். அந்தப் புண்ணியவான்களால்தான் கியர்பாக்ஸ் கடைக்காரர் வீடு கட்டுகிறார்.

அடிக்கடி உடைகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கத்திகளில் இடது, வலது மாற்றிப் பூட்டியிருக்கிறதா, பேரிங் பிடிக்கிறதா என்று பாருங்கள். மண்ணில் இறக்கிவிட்டு பி.டி.ஓ. (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் இணைப்பு) போடும் பழக்கமும் போல்ட்டைத் தின்னும்.

மாற்றும்போது இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனியுங்கள். பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. தோளில் கிடக்கும் துண்டின் நுனி பட்டால் கை எடுக்க நேரம் இருக்காது. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் போல்ட்டை விட அதை முதலில் வாங்குங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் குடம் குடமாக ஊற்ற வேண்டியிருக்கிறது.
– வாசகர், திருமங்கலம்

பதில்: பைப்பில் தண்ணீர் நிரப்பிவிட்டுச் சும்மா விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் புட் வால்வில் (பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) தூசியோ தேய்ந்த வாஷரோ. இறங்கவில்லை என்றால் மோட்டாரை ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். நுரையை எங்கே உள்ளே இழுக்கிறதோ அங்கேதான் காற்று புகுகிறது.

பம்ப் ஷாப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் திணிக்காதீர்கள். தனித்தனி வளையமாக வெட்டி, வெட்டு வாய் ஒன்றன்மேல் ஒன்று வராமல் போடுங்கள். ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். ஒரு சொட்டுகூட வராமல் இறுக்கினால் ஷாப்ட் சூடாகித் தேயும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றழுத்தம் கணக்குப்படி 10.3 மீட்டர் வரைதான் நீரைத் தள்ளும். நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் இழுவை தடுமாறும். அப்போது மோட்டாரைக் கீழ்ப்படிக்கு இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: கைத்தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டால் எதால் குத்துவது?
– வாசகர், தேனி

பதில்: பழைய டூத் பிரஷ், இல்லை மெல்லிய புல் தண்டு. கம்பியோ ஊசியோ துளையைப் பெரிதாக்கிவிடும். நிறையப் பேர் வாயில் வைத்து ஊதுகிறார்கள். அதில் இருப்பது பூச்சி மருந்து ஐயா!

கேள்வி: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், பண்ணையை நான்தான் பார்க்கிறேன். என்னென்ன சாமான் வாங்கி வைக்கலாம்?
– வாசகி, காட்டுமன்னார்கோவில்

பதில்: பெரிய டூல் கிட் பெட்டி வேண்டாம் அம்மா, பாதி சாமான் துருப்பிடிக்கும். 6 முதல் 32 மி.மீ. வரை டபுள் எண்ட் ஸ்பானர் ஒரு செட், அதே அளவில் ரிங் ஸ்பானர், கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ் கன், சாதாரண மல்டிமீட்டர். இறுகிய நட்டுக்கு எப்போதும் ரிங் ஸ்பானர்தான். பைப் ரிஞ்ச் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். வண்டி ஓடாதிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசி. கிரீஸ் கன்னைக் கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் முனை நிப்பிளை (வண்டியில் கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) சரியாகக் கவ்வாது.