வெள்ளை போர்டு ஸ்கார்பியோவில் வாடகை லோடு

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஸ்கார்பியோவில் கொக்கி வைத்து, பட்டறையில் டிரெய்லர் செய்து மாட்டினேன். பக்கத்துத் தோப்புக்காரர்களின் காயையும் வாடகைக்கு ஏற்றிப்போவேன். போன மாதம் கொக்கி உடைந்து டிரெய்லர் ஒரு பைக்கில் மோதியது. ஓட்டியவருக்குக் கால் முறிவு. என் வண்டியும் மரத்தில் மோதி நசுங்கியது. லைசென்சில் டிரான்ஸ்போர்ட் இல்லை, டிரெய்லருக்குப் பதிவு இல்லை, வாடகைக்கு ஓட்டினீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: லைசென்ஸ் காரணம் நிற்காது. எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது.

மற்ற இரண்டும் அவ்வளவு லேசில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவும் இன்சூரன்சும் வேண்டும். வாடகை விஷயம் இன்னும் சிக்கல். சரக்குக்கென்று செய்யாத வண்டியும் சரக்கு ஏற்றினால் சரக்கு வாகனமே என்கிறது பிரிவு 2(14). டீசல் காசு மட்டும்தான் வாங்கினேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். ஜிபேயில் வந்த பணம் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடிபட்டவர் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவார். வாடகைக்கு ஓட்டியதைக் காட்டிப் பொறுப்பிலிருந்து விலக, அதே சட்டத்தின் பிரிவு 150 கம்பெனிக்கு இடம் தருகிறது. முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவதும் உண்டு. எப்படியானாலும் கடைசியில் சுமை உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். சம்மன் வந்தால் போகாமல் இருந்து எக்ஸ்பார்ட்டி (நீங்கள் இல்லாமலே தீர்ப்பு) ஆகிவிடாதீர்கள். லோக் அதாலத்தில் பேசி முடிக்க முடிந்தால் நல்லது.

உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. டாக்சியாக ஓட்டிய சொந்த வண்டி ஒன்று திருடுபோன வழக்கில், முழுவதுமாக மறுக்கக் கூடாது, 75 சதவீதம் கொடு என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2008-இல் உறுதி செய்தது. அதுவும் ஸ்கார்பியோதான்! ஆனால் அந்த வழக்கில் திருட்டுக்கும் டாக்சியாக ஓட்டியதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் விபத்துக்கு டிரெய்லரே காரணம் என்று கம்பெனி வாதிடும். முழுத்தொகை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டுப் பார்க்கலாம். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒத்துவராவிட்டால், மறுப்புக் கடிதத்திலிருந்து ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் (எங்கள் பிழைப்புக்குத்தான் நஷ்டம்). நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டாண்டு அவகாசம் உண்டு. இரண்டிடத்திலும் ஒரே நேரத்தில் போகக் கூடாது.

பட்டறைக்காரரிடம் பில் வாங்கினீர்களா? கொக்கியின் வேலை மோசம் என்றால் அவர் மீதும் நுகர்வோர் புகார் கொடுக்கலாம். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். உடைந்த கொக்கியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.