கேபிள் சீட்டில் ‘டிராய் 153’: அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்களுடையது லுங்கி நெசவுக் குடும்பம். கேபிளுக்கு மாதம் 280 ரூபாய் கட்டுகிறோம். ஏன் இவ்வளவு என்று கேட்டால், வசூலுக்கு வரும் தம்பி துண்டுச் சீட்டில் ‘டிராய் 153, சேனல் 127’ என்று எழுதித் தருகிறார். டிராய்க்கு நாங்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? அவர்களை யார் கேள்வி கேட்பது?”

சகோதரி, டிராய் என்பது தொலைபேசிக்கும் கேபிளுக்கும் விதி போடும் மத்திய ஒழுங்குமுறை ஆணையம். அந்த 153 ரூபாயில் ஒரு காசுகூட அது வாங்குவதில்லை. 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது, இணைப்புக்கு மாதம் 130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் வரம்பு வைத்தது. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. 23.40 சேர்ந்தால் 153.40. அந்த 130ஐப் பெரிய கேபிள் நிறுவனமும் உங்கள் தெரு ஆபரேட்டரும் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நிறுவனத்துக்கு 55 சதவீதம், ஆபரேட்டருக்கு 45 சதவீதம் என்பது கணக்கு; அதாவது தெரு ஆபரேட்டருக்கு 58.50. வரி மட்டும்தான் அரசுக்கு. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் வரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. கட்டணத்தை இப்போது நிறுவனமே முடிவு செய்கிறது. அதனால் ‘டிராய்’ என்று சீட்டில் எழுதுவது தவறு. அந்தப் பெயரைப் பார்த்ததும் நாம் கேள்வியை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

சரி, டிராயை நடத்தும் செலவு? 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு நிதி தருகிறது. கணக்கை, அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) தணிக்கை செய்கிறார், ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. கேபிளும் ஒளிபரப்பும் டிராயின் கீழ் வந்தது 2004இல். பிரிட்டனில் டிராய் போன்ற ஆஃப்காம் என்ற அமைப்பு, தான் ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களிடமே கட்டணம் வாங்குகிறது. செலவு கூடினால் அந்த நிறுவனங்கள் சும்மா இருக்குமா? இங்கே செலவு பொது வரியோடு கலந்துவிடுவதால் குடியாத்தத்தில் யாருக்கும் அது உறைப்பதில்லை. இருந்தாலும் கம்பெனிகளின் காசில் நடக்காத அமைப்புதான் நல்லது என்பேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது: டிராய் விதி போடும், உங்கள் தனிப்பட்ட புகாரைக் கையில் எடுத்து விசாரிக்காது.

அப்புறம், சீட்டில் சேனலுக்கு என்று எழுதிய அந்த 127 ரூபாய். கே.வி.குப்பத்தில் ஒரு வீட்டில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கட்டணச் சேனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒவ்வொரு சேனலின் விலையும் திரையிலேயே தெரிய வேண்டும் என்பது விதி. அந்த வீட்டில் இருந்தது ஒரு பாட்டியும் பேத்தியும்; ஆனால் இரண்டு விளையாட்டுத் தொகுப்புகள் ஓடிக்கொண்டிருந்தன, அதில் ஒன்று இந்தியில். எடுக்கச் சொன்னோம், எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்து ரசீது. துண்டுச் சீட்டு ரசீது ஆகாது. ஜி.எஸ்.டி. வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் தர வேண்டும். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. தம்பியிடம் சண்டை வேண்டாம், அவர் வசூலுக்கு வருபவர்தான். ஆபரேட்டரின் பதிவு எண்ணையும் கேளுங்கள். முன்பு ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டித் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்வார்கள். 2025 ஜனவரியிலிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் ஆன்லைனில் 5,000 ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டுக்குப் பதிவு. சின்ன ஆபரேட்டருக்கு ஒரே தடவையில் இது பெரிய தொகை, அதையும் மறக்கக் கூடாது.

பில் வராவிட்டால் கேபிள் நிறுவனத்தின் இலவச எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. உங்களுடையது அரசு கேபிள் இணைப்பு என்றால் இன்னொரு வழியும் உண்டு. அது அரசு நிறுவனம் என்பதால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, உங்கள் இணைப்புக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். டிராயிடமும் அதன் செலவுக் கணக்கை இப்படியே கேட்கலாம்.

அதுவரை அந்தத் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் தேதி எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.