முரட்டுப் புல்லுக்கு எந்த ஜீரோ டர்ன்?

கேள்வி: பாளையங்கோட்டை வட்டாரத்தில் பள்ளி, கல்லூரி வளாகங்களில் புல்வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்து நானே செய்துவருகிறேன். தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் இனிக் கட்டுபடியாகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கோரையும் கொழுக்கட்டைப் புல்லும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகின்றன. 60 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டி) உள்ள ஜீரோ டர்ன் இயந்திரத்தையே, அதாவது நின்ற இடத்திலேயே திரும்பும், ஏறி ஓட்டும் புல்வெட்டியையே வாங்கும்படி விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முழங்கால் உயரப் புல்லின் முதல் வெட்டை எந்த ஜீரோ டர்னிடமும் ஒப்படைக்காதீர்கள். நீண்ட தண்டுகள் பிளேடைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில் சுற்றிக்கொண்டு பெல்ட்டைக் கருக்கிவிடும். மழை ஓய்ந்ததும் டிராக்டரில் பூட்டும் ஸ்லாஷர் என்னும் புல்வெட்டும் கருவியை வாடகைக்கு அமர்த்தி ஒருமுறை அடித்துவிட்டு, அதன்பின் வாரந்தோறும் ஜீரோ டர்னை ஓட்டுவதே சரியான முறை.

60 அங்குலம் உங்களுக்கு வேண்டாம். மேடுபள்ளமான தரையில் அகன்ற டெக் மேடுகளைச் சுரண்டும். அடர்ந்த புல்லில் எஞ்சின் திணறும். 52 அங்குல டெக், அதாவது 1.32 மீட்டர் அகலம், முரட்டுப் புல்லில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், திரும்புவதற்கும் வெட்டிய பாதையின் மேல் சற்றே படிந்து செல்வதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 1.3 ஏக்கர் வெட்டும். தனியாளுக்கு இது போதும்.

வண்டி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அகலமன்று, பின்சக்கரங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு. இரண்டு சக்கரங்களுக்கும் தனித்தனியே பம்பும் மோட்டாரும் இருப்பதால்தான் வண்டி நின்ற இடத்திலேயே திரும்புகிறது. வீட்டு உபயோக வகைகள் பலவற்றில் இவ்வமைப்பு மூடி முத்திரையிட்டது போலிருக்கும். சித்திரை வெயிலில் எண்ணெய் சூடேறி நீர்த்து இழுவை குறைந்தாலும் அதை எளிதில் மாற்ற வழியில்லை. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். டெக் 10 கேஜ் (சுமார் 3.4 மி.மீ.) தகட்டுக்குக் குறையாமல் வெல்டிங் செய்யப்பட்டதாக இருக்கட்டும், 7 கேஜ் (4.5 மி.மீ.) இன்னும் நல்லது. பழைய வண்டியானால் எஞ்சினை அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கையுறையுடன் பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

எரிபொருள் குறித்து விற்பனையாளர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இத்தகைய பெட்ரோல் எஞ்சின்களின் கையேடுகள் பொதுவாக 10 விழுக்காடு வரையே எத்தனாலை அனுமதிக்கின்றன; நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பதோ பெரும்பாலும் 20 விழுக்காடு கலந்தது. ஆகவே கையேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விலை கூடினாலும் டீசல் வகையையும் விசாரித்துப் பாருங்கள்.

பெல்ட், பேரிங் போன்றவற்றை உதிரிபாக எண் சொல்லி நம்மூர்க் கடைகளிலேயே தேடலாம். பிளேடும் ஹைட்ராலிக் ஃபில்டரும் அப்படியல்ல. அவற்றில் இரண்டு செட்டை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பட்டறையில் லாரி வில்பட்டையை அடித்துப் பிளேடு செய்து தருகிறோம் என்பார்கள். எடை சமமில்லாத பிளேடு ஸ்பிண்டிலைக் கெடுப்பதோடு, உடைந்து தெறித்தால் ஆளையும் பலிவாங்கிவிடும். உடைமுள் கிடக்கும் வளாகமென்றால் முன்சக்கரங்கள் கெட்டி ரப்பராக இருப்பது நலம். குளக்கரைச் சரிவில் வேலை வந்தால் மறுத்துவிடுங்கள். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக்கூடாதென்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

உத்தரவாத அட்டையில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலமும் வணிக உபயோகத்துக்கு அதைவிடக் குறைந்த காலமும் இருக்கும். சிலவற்றில் வணிக உபயோகத்துக்கு உத்தரவாதமே இராது. ஒப்பந்த வேலைக்கு வாங்குவதாக விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆயினும் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கித் தாமே ஓட்டும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. விற்றவர் கோவையிலோ சென்னையிலோ இருந்தாலும், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே நீங்கள் புகார் கொடுக்கலாம்.