மகளும் மாப்பிள்ளையும் ஆசிரியர் வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிறோம் என்றால்

இருவருமே தனியார் பள்ளி ஆசிரியர்கள். "சத்துமாவு, பருப்புப் பொடி போட்டு விற்கப் போகிறோம், ஏப்ரலோடு வேலையை விட்டுவிடுகிறோம்" என்று சேர்ந்து வந்து சொல்கிறார்கள். பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஒரேயடியாகத் தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் செய்வார்கள். அதைவிட, ஒரு நிபந்தனையில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்: இருவரும் ஒரே சமயத்தில் ராஜினாமா செய்யக் கூடாது. ஒருவர் விடட்டும், மற்றவர் சம்பளம் ஒரு முழு வருஷம் வந்துகொண்டிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஒரு சுற்று பார்த்த பிறகுதான் மாவுத் தொழிலின் உண்மையான வரவு செலவு தெரியும்.

யார் முதலில் விடுவது? சம்பளம் குறைந்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை மட்டும் பார்த்தால் போதாது. பொதுவாக ஒரே நிறுவனத்தில் 5 வருஷம் முடித்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது பள்ளி மொத்தமாகத் தரும் பணிக்கொடை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு. 2009-இல் வந்த சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி செய்த வருஷங்களால் பெருக்க வேண்டும். 22,000 ரூபாயில் 9 வருஷம் என்றால் சுமார் 1,14,000 ரூபாய். 4 வருஷம் 3 மாதத்தில் கிளம்புகிறவருக்கு ஒன்றும் வராது. மகளுக்கு 5 வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம் என்றால் மகள் இருக்கட்டும், மாப்பிள்ளை முதலில் விடட்டும்.

பி.எஃப். பிடிக்கிற பள்ளியென்றால் இன்னொன்று பாருங்கள். மாத ஓய்வூதியம் கிடைக்க 10 வருஷப் பணி வேண்டும். பள்ளி மாறியபோது பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்காமல் விட்டிருந்தால் அந்த வருஷங்கள் கணக்கில் வராது. வேலையில் இருக்கும்போதே சேர்த்துவிடுவது நல்லது. வெளியே வந்த பிறகு பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் பழைய பள்ளி அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். பி.எஃப். பணத்தைத் தொழில் முதலாகவும் எண்ண வேண்டாம். முழுத்தொகையும் உடனே கைக்கு வராது. 5 வருஷப் பணிக்கு முன் எடுத்தால் வரியும் உண்டு.

பலர் கணக்கில் சேர்க்காத செலவு பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஆசிரியர் பிள்ளைக்குப் பள்ளி தரும் சலுகை ராஜினாமாவோடு போய்விடும். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ, அங்கே வேலை செய்பவர் இரண்டாவதாக விடுவதுதான் சரி.

இருவரில் ஒருவர் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் இருந்தால் கதையே வேறு. ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் கணக்கில் இல்லாமல் போகும்; விருப்ப ஓய்வு வேறு. தமிழக அரசுப் பணியில் 20 வருஷத் தகுதிப் பணி அல்லது 50 வயது ஆனவர் 3 மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். பணியில் இருந்துகொண்டு அனுமதியில்லாமல் தன் பெயரில் வியாபாரம் செய்வது நடத்தை விதிமீறல். அந்த வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. தொழில் துணைவர் பெயரில் இருக்கட்டும், அதையும் துறைக்குத் தெரிவித்துவிடட்டும்.

இனி மாவுக் கணக்கு. இதை அவர்களோடு உட்கார்ந்து, காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அரை கிலோ சத்துமாவு பாக்கெட்டுக்குத் தானியம், பருப்பு, முந்திரி 60 ரூபாய், அரவையும் கேஸும் 10, பவுச்சும் ஸ்டிக்கரும் 8, கொண்டுபோய்ச் சேர்க்க 7. மொத்தம் 85 என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.பி. 150. கடைக்காரர் 20 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 120. கிழிந்தது, திரும்பி வந்தது என்று 5 ரூபாய் கழித்தால் கையில் நிற்பது 30. மாதம் 40,000 ரூபாய் வேண்டுமென்றால் 1,333 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது சுமார் 667 கிலோ மாவு. 25 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 27 கிலோ. வீட்டு அடுப்பில், வீட்டு வாணலியில் இது நடக்காது. வாடிக்கையாளருக்கே நேராக விற்றால் பாக்கெட்டுக்கு 60 நிற்கும், 667 பாக்கெட் போதும். ஆகவே முதல் வருஷம் கடைகளை நம்பாமல், தெரிந்த குடும்பங்கள், குடியிருப்பு வாட்ஸ்அப் குழு, முன்னாள் மாணவர்களின் பெற்றோர் என்று நேரடி விற்பனையில்தான் கவனம் இருக்க வேண்டும். கடையில் கடன் பாக்கி வேறு நிற்கும். இரண்டு மாத பாக்கி நின்றாலே அடுத்த கொள்முதலுக்குப் பணம் இருக்காது. மேலே போட்ட விலைகள் உதாரணம்தான். பண்ருட்டி முந்திரி விலையும் உங்கள் மில் கூலியும் போட்டு அவர்களே எழுதட்டும்.

சரக்கு கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். கேழ்வரகையும் கம்பையும் ஊறவைத்து முளைகட்டினால் நன்றாகக் காய வேண்டும். கடலோரக் காற்றில், அதுவும் மழைக்காலத்தில், மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அரைத்த சில வாரங்களில் மாவு கட்டி தட்டும், பூஞ்சை வாடை வரும். ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு சின்ன உலர்த்தி வேண்டும். இல்லையென்றால் அந்த மாதங்களில் முளைகட்டாத கலவை மட்டும் போடட்டும். தானியங்களைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கம்பு கருகும், கொண்டைக்கடலை பச்சையாகவே இருக்கும். முந்திரியும் பாதாமும் எண்ணெய் விடும். மாவில் முதலில் சிக்கு வாடை பிடிப்பது அவற்றால்தான். அளவைக் குறைப்பது நல்லது. மில்லில் முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் உங்கள் மாவில் காரம் ஏறும்; அரிசி அரைத்த கையோடு போட்டு, முதலில் விழும் ஒரு கிலோவைத் தனியே எடுத்துவிடுங்கள். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். சுத்தமான துணியில் பரப்பி, கைவிட்டால் குளிர்ச்சி தெரிகிற வரை ஆறவிட்ட பிறகே பவுச்சில் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு சீல் வைத்தால் உள்ளே ஆவி நீராகிப் பவுச்சின் ஓரத்தில் முத்து முத்தாக நிற்கும். அந்தப் பாக்கெட் வாடிக்கையாளர் வீட்டில்தான் கெடும்.

இதையெல்லாம் கையால் கற்றுக்கொள்ள விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எந்தப் பயிற்சி எப்போது நடக்கிறது என்று அங்கேயே விசாரிக்கட்டும். எத்தனை மாதம் தாங்கும் என்று உத்தேசமாக அச்சடிக்காமல், ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்த பிறகு "பெஸ்ட் பிஃபோர்" போடுவது நல்லது.

பத்து பாக்கெட் விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யில் பதிவு வேண்டும். சிறிய அளவுக்குப் பதிவு மட்டும் போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனில் போடலாம். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 3,000 கொடுங்கள் என்று கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். லேபிளில் 14 இலக்கப் பதிவு எண், சேர்மானம் அளவு கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில், நிகர எடை, தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த தேதி, எம்.ஆர்.பி., சைவத்துக்கான பச்சைப் புள்ளி, முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்க வேண்டும். எடைத் தராசு முத்திரையிட்டதாக இருக்கட்டும். ஆர்வக்கோளாறில் "6 மாதக் குழந்தைக்கு ஏற்றது" என்று போட்டுக் குழந்தை படத்தையும் அச்சடிக்கிறார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தை உணவுக்குத் தனிச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. விளம்பரமும் குழந்தைப் படமும் கூடாது, உரிமமும் வேறு. "சர்க்கரை நோய் தீரும்" என்ற வாசகமும் வேண்டாம். அச்சடித்த 2,000 பவுச்சும் வீணாகிவிடும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து முள்ளோடை எல்லை தாண்டினால் புதுச்சேரி; வரிக் கணக்கில் அது வேறு மாநிலம். பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தமிழ்நாட்டில் வருஷம் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம் விற்பனைக்கு மேல்தான். ஆனால் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் தொகை எவ்வளவு என்றாலும் பதிவு கட்டாயம். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய மாவு வரிக்குட்பட்ட பொருள். கடலூர் வீட்டிலிருந்து புதுச்சேரிக் கடைக்கு முதல் பெட்டி போகும் அன்றே இது பொருந்தும்; சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையான காம்பொசிஷன் திட்டமும் அவர்களுக்குக் கிடையாது. குறித்த தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் அபராதம். ஆகவே முதல் வருஷம் கடலூர்க்காரர் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி என்று மாவட்டத்துக்குள்ளேயே விற்கட்டும். புதுச்சேரி வீடு என்றால் முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் பார்க்கட்டும். இன்னொன்று: மேலே போட்ட 1,333 பாக்கெட் கணக்கில் வருஷ விற்பனை 19 லட்சத்தைத் தாண்டும். புதுச்சேரி வரம்புக்கு அது மிக அருகில்.

கடன் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முதல் வருஷம் வேண்டாம். மானியக் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கட்டும். புதுச்சேரியில் அது தட்டாஞ்சாவடியில் இருக்கிறது. பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும். ஓடத் தொடங்கிய பிறகு போனால் திருப்பிவிடுவார்கள். கணவன் மனைவி சேர்ந்து ஒரு குடும்பம் என்பதால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பெண் பெயரில் கேட்டால் மானிய விகிதமும் கூடுதல், சொந்தப் பங்கும் குறைவு.

தொழில் ஒருவர் பெயரில் இருக்கட்டும், வங்கிக் கணக்கு தனியாக. பள்ளியில் இருவருக்கும் பாடவேளை பிரித்ததுபோல் இங்கேயும் பிரிக்க வேண்டும்: கொள்முதலும் தயாரிப்பும் ஒருவர், விற்பனையும் வசூலும் மற்றவர். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைத்தால் சண்டை தொழிலில் தொடங்கிச் சமையலறை வரை வரும். பிள்ளைகளுக்கு நடுவில் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். உங்களால் முடிந்தால் மாலையில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டவர் அந்த இரண்டு மணி நேரம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்தால் வீட்டு வாடகைக்காவது பணம் கையில் நிற்கும்.

விடுவதற்கு முன் முடிக்க வேண்டியவை: குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, ஏனென்றால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரை போகலாம். ஆறு மாத வீட்டுச் செலவு தொழில் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில். பள்ளி வாங்கி வைத்திருக்கும் அசல் சான்றிதழ்கள், சம்பளத்தோடு கூடிய அனுபவச் சான்று. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்ச்சி பெறாதவர் அதை எழுதிவிடட்டும். அந்தச் சான்று வாழ்நாள் முழுதும் செல்லும், திரும்பிப் பள்ளிக்குப் போக நேர்ந்தால் உதவும். நோட்டீஸைக் கல்வியாண்டு முடிவோடு பொருந்தக் கொடுக்க வேண்டும்: சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏப்ரலிலேயே புது வருஷம் தொடங்கிவிடும், ஜனவரியிலேயே சொல்வது மரியாதை. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஜூன் திறப்புக்கு முன் சொன்னால் போதும் என்று நினைத்துக் கடைசி வாரத்தில் கடிதம் நீட்டினால் கோடை மாதச் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். பணி ஆணையில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.