மூன்று அவுட், ஒரே ஆள்

கேள்வி: பேஸ்பாலில் ஒரே பந்தில், யார் உதவியும் இல்லாமல், ஒரு ஃபீல்டர் மூன்று பேரை அவுட் ஆக்க முடியுமாமே, எப்படி? முதலில் செய்தவர் 1878இல் பால் ஹைன்ஸ் என்றும் 1909இல் நீல் பால் என்றும் இருவிதமாகப் படித்தேன். எது சரி?

பதில்: கிரிக்கெட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பத்தான் செய்யும். அங்கே கேட்ச் பிடித்து பேட்ஸ்மேன் அவுட் ஆனதுமே அந்தப் பந்தின் கதை முடிந்தது, அப்புறம் ஸ்டம்பை அடித்தாலும் ரன் அவுட் கிடையாது. பேஸ்பாலில் ஆட்டம் நிற்காது. அடித்த பந்து தரையில் படாமல் பிடிபட்டால், ஓடத் தொடங்கிய ரன்னர்கள் (முன்பே அடித்துவிட்டு பேஸ்களில், அதாவது ஓடும் வழியில் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில், நிற்பவர்கள்) கிளம்பிய பேஸுக்கே திரும்ப வேண்டும். அதற்குள் பந்தோடு அந்த பேஸை மிதித்தாலோ, பந்தால் ரன்னரைத் தொட்டாலோ அவரும் அவுட்.

1909 ஜூலை 19, கிளீவ்லாந்து. கிளீவ்லாந்துக்காக சை யங் பந்து வீசுகிறார், பாஸ்டன் அணிக்கு முதல் இரண்டு பேஸ்களிலும் ஆள், இன்னும் யாரும் அவுட் இல்லை. ரன்னர்கள் இருவரும் ஓட ஆரம்பித்துவிட்ட நேரத்தில் ஆம்பி மெக்கானல் அடித்த பந்து சீறிக்கொண்டு வர, ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்ற நீல் பால் எம்பிப் பிடித்தார், இரண்டாம் பேஸை மிதித்து ஹைனி வாக்னரை வெளியேற்றினார், முதல் பேஸிலிருந்து நேராகத் தன்னை நோக்கி ஓடி வந்த ஜேக் ஸ்டாலைத் தொட்டார். அவ்வளவுதான், மூன்று அவுட் ஆனதால் பாஸ்டனின் இன்னிங்ஸ் காலி. அடுத்து பேட் பிடிக்க வந்தபோது, பந்து மைதானத்தை விட்டு வெளியே போகாமலே, எல்லா பேஸ்களையும் சுற்றி ஓடி ஹோம் ரன்னும் எடுத்தார் அதே நீல் பால்!

ரன்னர்கள் முன்கூட்டியே ஓடியிருக்க வேண்டும், பந்தும் சரியான ஆளிடம் வர வேண்டும், அதனால்தான் இது இவ்வளவு அபூர்வம். உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்திர இறுதிப் போட்டி) ஒரே முறைதான், 1920இல் கிளீவ்லாந்தின் பில் வாம்ஸ்கான்ஸ். 1927 மே 30, 31 என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு பேர் செய்தார்கள், அப்புறம் 1968 வரை ஒன்றுகூட இல்லை.

சரி, ஹைன்ஸுக்கு வருவோம். 1878 மே 8, பிராவிடன்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர் அவர், வெளிமைதானத்தின் நடுவில் நிற்பவர். எதிரணி அதே பாஸ்டன் ஊர்தான். இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ஆள். ஜாக் பர்டாக் அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்புக்குப் பின்னால் விழப்போகிறது, எப்படியும் விழும் என்று ரன்னர்கள் இருவரும் பாய்ந்துவிட்டார்கள். ஹைன்ஸ் வெகுதூரம் ஓடி வந்து தாழப் பிடித்தார், அதே வேகத்தில் போய் மூன்றாம் பேஸை மிதித்தார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் பேஸுக்கும் எறிந்தார். வழக்கே இங்கேதான். இரண்டாம் பேஸிலிருந்து கிளம்பிய எஸ்ரா சட்டன் அதற்குள் மூன்றாவதைத் தாண்டியிருந்தால், திரும்பும்போது அதையும் தொட்டாக வேண்டும், ஆகவே ஹைன்ஸ் மிதித்தபோதே அவரும் அவுட் என்கிறது ஒரு கட்சி. தாண்டவில்லை, இரண்டாம் பேஸுக்குப் பந்து போன பிறகுதான் அவுட், ஆகவே தனியாள் சாதனை இல்லை என்கிறது மறு கட்சி. அன்றைய விவரங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

ஆகவே சர்ச்சை இல்லாத முதல் சாதனை நீல் பாலுடையதுதான், பட்டியலில் அவரை முதலில் வைப்பது நியாயம். ஆனால் இரண்டில் எது பெரிய ஆட்டம் என்று கேட்டால் நான் ஹைன்ஸையே சொல்வேன். நீல் பாலுக்கு பேஸும் ரன்னரும் பக்கத்திலேயே கிடைத்தார்கள். ஹைன்ஸோ, பெரும்பாலான ஃபீல்டர்கள் கையுறையே போடாத காலத்தில், வெளிமைதானத்திலிருந்து ஓடி வந்து அதைப் பிடித்தார்.