அத்தை ஏன் திரும்பி உட்கார்ந்தார்?

கேள்வி: பெருமாள்புரத்தில் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கல்லிடைக்குறிச்சியில் அத்தை பேரில் இருந்த வீட்டை விற்ற பணமும் போட்டுத்தான் கட்டினோம். ஹால் சுவரில் ‘ஆப் ஆர்ட்’ என்கிற, கண்ணை ஏமாற்றும் படங்கள் இரண்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். கருப்பு வெள்ளைக் கோடுகள் நெளிந்து ஓடுவதுபோல இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று வாங்க ஆசை. மூன்றடிக்கு மூன்றடி சரியாக இருக்குமா? ஃபிரேம் கருப்பா, தேக்கா? கண்ணாடியா, அக்ரிலிக்கா? அத்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை போல. நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு ரொம்ப காலமாக ஒற்றைத் தலைவலி வேறு. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை இல்லையா, அதுவும் கோடுதானே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வயதானவர்கள் அப்படித்தான்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஃபிரேம் இருக்கட்டும் அம்மா. முதலில் அந்த நாற்காலியைப் பேசுவோம்.

படம் சுவரில் ஏறிய பிறகு ஒரு வயசாளி தன் நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டிருக்கிறார். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கோயில் மதிலைக் காட்டி வாதம் செய்திருக்கிறீர்கள். அவர் பேசாமல் இருந்ததும் ‘வயதானவர்கள் அப்படித்தான்’ என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். இதே வரி எனக்கு எத்தனையோ கடிதங்களில் வருகிறது. பெரியவர் சாப்பாட்டைக் குறைத்தாலும் அப்படித்தான், கட்டிலை மாற்றிப் போட்டாலும் அப்படித்தான். ‘ஏன் அத்தை, என்ன செய்யுது?’ என்று கேட்டதாக மட்டும் யாரும் எழுதுவதில்லை.

நீங்கள் மாட்டியிருக்கும் படங்கள் கண்ணைச் சும்மா இருக்கவிடாமல் செய்வதற்கென்றே உருவானவை. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வேலை செய்த விக்டர் வாஸரெலி, இங்கிலாந்தின் பிரிட்ஜெட் ரைலி போன்றவர்கள் கட்டங்களையும் கோடுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, நெருக்கி, தட்டையான பரப்பை அலைபோல எழும்ப வைத்தார்கள். 1965-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘தி ரெஸ்பான்ஸிவ் ஐ’ என்ற பெரிய கண்காட்சியை நடத்தியபோது கூட்டம் அலைமோதியது. தலை சுற்றுகிறது என்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்தாலும் நம் கண் மிக நுட்பமாக அசைந்துகொண்டேதான் இருக்கும். பளிச்சென்ற கருப்பு வெள்ளை விளிம்புகள் வரிசையாக நின்றால் அந்தச் சின்ன அசைவே படம் ஓடுவதுபோலக் காட்டிவிடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களை இந்தக் கோடுகள் மற்றவர்களைவிட அதிகமாக உறுத்தும். சிலருக்கு மண்டையிடியையே கிளப்பிவிடும். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பையே தூண்டும்.

கோயில் மதிலுக்கு வருவோம். அந்தப் பட்டை நல்ல அகலம். வெட்டவெளியில் இருக்கிறது, நாம் நடந்து கடந்துவிடுகிறோம். உங்கள் படத்தில் ஒரு கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால், எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணை மிகவும் சிரமப்படுத்தும் நெருக்கம் ஏறக்குறைய அதுதான். விருந்தாளி ஐந்து நிமிஷம் நின்று ரசித்துவிட்டு அல்வாவைத் தின்றுவிட்டுப் போய்விடுவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சுவருக்கு எதிரே இருப்பவர் உங்கள் அத்தை. கண் கூசுகிறது என்று சொன்னால் மருமகள் ஆசையாக வாங்கி மாட்டியதைக் குறை சொன்னதாகிவிடுமே என்று நினைத்திருப்பார். அதனால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்படித்தான் படுகிறது. கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் அவருக்குத் தார்சா என்கிற முன் தாழ்வாரம் இருந்தது, பட்டாசல் என்கிற கூடம் இருந்தது, எந்தத் தூணில் சாய்ந்தால் காற்று வரும் என்று தெரிந்திருந்தது. அதையெல்லாம் விற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உங்களோடு வந்திருக்கிறார். வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறோம். ஹாலில் எல்லாரோடும் முகம் பார்த்து உட்கார இடம் இருக்க வேண்டும். அதையும் கொடுத்தால்தான் கடமை செய்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

உங்கள் வீட்டுக்காரரையும் விடுவதாக இல்லை. இத்தனை நீளக் கடிதத்தில் அவர் ஓரிடத்தில்கூட வரவில்லை. பெற்ற தாய் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், மகன் அந்த வழியாகத்தானே தினமும் போய் வருகிறார்? மருமகள் கண்ணில் பட்டது மகன் கண்ணில் படவில்லையா? இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மாமியாருக்கு நிறம் பிடிக்கவில்லை, ஊரில் இப்படி யாரும் மாட்டுவதில்லை என்று மட்டும் பிரச்சினை என்றால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். தன் வீட்டுச் சுவரைத் தன் ரசனைப்படி அழகுபடுத்த ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. இவை நல்ல படங்கள்தான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயத்தில் அந்த வாதம் செல்லாது.

இரண்டையும் இன்றைக்கே ஹாலிலிருந்து கழற்றுங்கள். உள் அறைகளுக்குப் போகும் நடையில் ஒன்று, மாடி அறையில் ஒன்று என்று பிரித்து மாட்டலாம். நடந்து கடக்கிற இடம்தான் இவற்றுக்குப் பொருத்தம். மாடிப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம், காலை நிதானித்து வைக்க வேண்டிய இடத்தில் கண் தடுமாறக் கூடாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குள் இருக்கட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடியில் வெளிச்சமும் அடித்து, கோடும் ஓடி, இரட்டைத் தொல்லையாகிவிடும். பளபளப்பு இல்லாத கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் எடை குறைவு, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். பழைய துணியால் துடைக்கிற வீட்டுக்குக் கண்ணாடியே மேல். ஃபிரேம் தேக்கு. கருப்பு ஃபிரேம் போட்டால் அது இன்னொரு கோடாக நின்று உறுத்தலைக் கூட்டும்.

ஹாலில் ஏதாவது வேண்டும் என்றால், இதே வகையில் ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களில், பெரிய வளைவுகளாக வரும் பிரிண்டுகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் போனிலோ கம்ப்யூட்டரிலோ அத்தையிடம் காட்டுங்கள். ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்லி, கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். படங்களைக் கழற்றிய பிறகும் தலைவலி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அது மகன் வேலை. அதுவரைக்கும் மூன்றாவது படத்துக்கு ஆர்டர் போடாதீர்கள்.