மேப் படம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது? கேள்வி பதில்

சர்வரில் வைத்துப் பலரும் பார்க்கும் செயற்கைக்கோள் படம், ட்ரோன் படம் எல்லாம் எவ்வளவு வேகமாகத் திரைக்கு வருகின்றன என்று எப்படிச் சோதிப்பது? பல பேர் இதைக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஜியோசர்வர் வேகமா, மேப்சர்வர் வேகமா? புது ப்ராஜெக்ட்டுக்கு எதைப் போடலாம்?

மேப் படத்தை இணையத்தில் பரிமாறும் இலவச சர்வர் மென்பொருள்கள் இவை, இரண்டுமே நல்லவை. எதைப் போடலாம் என்று யோசிக்கும் முன்னால் உங்கள் படக் கோப்பைத் திறந்து பாருங்கள், ஏனென்றால் நான் பார்த்த தாமதங்களில் பாதிக்கு மேல் கோப்பில்தான் இருந்தன, மென்பொருளில் இல்லை.

போன வருடம் ஒரு ட்ரோன் ஆர்த்தோ படம் (சாய்வு நீக்கி மேப்போடு பொருந்தச் செய்தது) வந்தது. 60,000க்கு 60,000 பிக்சல், மூன்று பேண்ட் (நிற அடுக்கு), சுருக்கமே இல்லாமல் கிட்டத்தட்ட 10.8 ஜிபி. முழு ஏரியாவும் தெரிகிற மாதிரி ஜூமைக் குறைத்தால் நாற்பது விநாடி வெள்ளைத் திரைதான். சர்வரை மாற்றலாம், ரேம் கூட்டலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைப் பார்த்தால் உள்ளே டைல் (சிறு சதுரத் துண்டு) பிரிவு கிடையாது, ஓவர்வியூ கிடையாது. ஆயிரம் பிக்சல் அகலத்தில் ஒரு படம் காட்டுவதற்காக, பாவம், சர்வர் ஒவ்வொரு முறையும் கோப்பின் மேலிருந்து கீழ்வரை அலைந்திருக்கிறது. ஓவர்வியூ என்பது அதே படத்தைப் பாதி, கால், அரைக்கால் அளவுகளில் முன்கூட்டியே செய்து வைப்பது. கூடுதல் இடம் மூன்றில் ஒரு பங்குதான். அதைச் சேர்த்து, உள்ளே 512 பிக்சல் டைலாகவும் பிரித்த பிறகு அதே சர்வரில் அதே படம் ஒரு விநாடிக்குள் வந்தது. ஜிடிஏஎல் (படக் கோப்புகளைப் படித்து மாற்றும் இலவசக் கருவி) 3.1 பதிப்பிலிருந்து சிஓஜி (கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப்) என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதில் எழுதச் சொன்னால் இந்த இரண்டையும் அதுவே செய்துவிடும்.

மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்த வரலாறும் உண்டு. 2007இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த ஃபாஸ்ஃபோர்ஜி என்ற திறமூல மேப் மென்பொருள் மாநாட்டில் இந்த இரண்டையும் மோதவிட்டார்கள். 2010இல் பார்சிலோனாவில் எட்டு அணிகள் கலந்துகொண்டன. எல்லோருக்கும் ஒரே தரவு, ஒரே வன்பொருள், ஜேமீட்டர் என்ற சுமைச் சோதனைக் கருவியில் ஒரே சோதனை. யார் முதலிடம் என்பதைவிட, ஒவ்வொரு அணியும் தன் மென்பொருள் எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்களும் அந்த எண்ணத்தோடு சோதியுங்கள்.

கேள்வி: என் மெஷினில் பட்டென்று வருகிறது. வாடிக்கையாளரிடம் காட்டும்போது தவழ்கிறது. ஏன்?

கேச், அதாவது ஒருமுறை வந்த படத்தைப் பக்கத்திலேயே பிரதியாக வைத்துக்கொள்வது. காலையிலிருந்து அதே இடத்தைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பிரௌசரில் ஒரு பிரதி, சர்வரின் டைல் கேச்சில் ஒரு பிரதி, லினக்ஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதி ஒன்று, ஆக மூன்று இடத்தில் படம் சூடாக உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு ஒருமுறை அளங்கள், அப்புறம் அப்படியே ஒருமுறை. இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், கூட்டிச் சராசரி போட வேண்டாம். கேட்கும் இடமும் ஜூமும் ஒவ்வொரு முறையும் மாறட்டும்.

கேள்வி: ஜேமீட்டரில் சராசரி 400 மில்லிசெகண்ட்தான் காட்டுகிறது. ஆனாலும் புகார் நிற்கவில்லை சார்.

சராசரியை நம்பாதீர்கள். 1920க்கு 1080 திரையை நிரப்ப 256 பிக்சல் டைல் சுமார் நாற்பது வேண்டும். இருபதில் ஒரு டைல் தாமதம் என்று வையுங்கள், அறிக்கையில் அது கண்ணிலேயே படாது. ஆனால் நாற்பதும் தப்பித்து ஒழுங்காக வர வாய்ப்பு 13 சதவீதம்தான். அதாவது நூறு திரையில் 87 திரையில் எங்காவது ஒரு கட்டம் வெள்ளையாக நிற்கும், பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். 95ஆவது, 99ஆவது பெர்சன்டைலைப் பாருங்கள், அதாவது நூறில் 95, 99 கோரிக்கைகள் எத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிந்தன என்பதை.

இன்னொன்று. டபிள்யூஎம்எஸ் (மேப் படத்தை இணையத்தில் கேட்டு வாங்கும் பொது நெறிமுறை) சர்வர் பிழையை எக்ஸ்எம்எல் ஆக அனுப்பிவிட்டு, கூடவே '200, எல்லாம் சரி' என்றும் சொல்லலாம். ஜேமீட்டர் அதை வெற்றி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். வந்தது படம்தானா, எத்தனை பைட் என்று கட்டாயம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டபிள்யூஎம்எஸ் பதிப்பை 1.1.1லிருந்து 1.3.0க்கு மாற்றியதும் வேகம் எகிறிவிட்டது, ஆனால் படம் காலி!

இபிஎஸ்ஜி 4326இல் (இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையில் சொல்லும் முறையின் எண்) 1.1.1 தீர்க்கரேகையை முதலில் கேட்கும், 1.3.0 அட்சரேகையை முதலில் கேட்கும். மதுரையின் 9.9, 78.1ஐத் திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்துக் கடல். அங்கே உங்களிடம் படம் இல்லை, அதனால்தான் அவ்வளவு வேகம்.

கேள்வி: சென்டினல்-2 படத்துக்கு ஜூம் 18 வரை டைல் செய்யச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை. அந்த ஐரோப்பியச் செயற்கைக்கோளின் சிறந்த தெளிவே ஒரு பிக்சலுக்கு 10 மீட்டர். ஜூம் 14இல் நிலநடுக்கோட்டருகே ஒரு பிக்சல் சுமார் 9.5 மீட்டர், அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு ஜூமுக்கும் டைல் நான்கு மடங்காகும். 18 வரை போனால் கடைசி அடுக்கில் மட்டும் 256 மடங்கு, புதிதாக ஒரு விவரமும் தெரியாது.

கேள்வி: சிஓஜி இருந்தால் சர்வரே வேண்டாமாமே?

ஓரளவு உண்மை. கோப்பின் வேண்டிய துண்டை மட்டும் எச்டிடிபி வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தூரத்தை மறக்காதீர்கள். சென்டினல்-2இன் பொது சிஓஜி தொகுப்பு அமேசானின் ஓரிகன் மையத்தில் இருக்கிறது, சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 130 மில்லிசெகண்ட் ஆகும், நடைமுறையில் இன்னும் கூடும். முதலில் தலைப்புப் பகுதி, பிறகு டைல்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொரு நடைக்கும் அந்தக் காத்திருப்பு உண்டு. பக்கத்துக் கோப்புகளைத் தேடும் வழக்கத்தை ஜிடிஏஎல் அமைப்பில் நிறுத்துங்கள், வீண் நடை குறையும். பயனர் இருக்கும் ஊரிலிருந்தே அளங்கள், சர்வர் இருக்கும் அறையிலிருந்து அளப்பது போதாது.

கேள்வி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல் சர்வரில் 200 பயனர் விட்டுச் சோதிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். நன்கொடையில் ஓடுகிற சர்வர் அது, மொத்தமாக டைல் இறக்கக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, மீறினால் தடுத்துவிடுவார்கள். உங்கள் ஒரு மணி நேரச் சோதனைக்காக எங்கோ வேறு யாரோ காத்திருக்க நேரும். நாசா, இஸ்ரோவின் புவன் சேவைகளிலும் அப்படித்தான். சுமைச் சோதனை சொந்த சர்வரில் மட்டும்.

கேள்வி: இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம். க்யூஜிஐஎஸ்ஸில் ஒரே ஒரு லேயர் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்குள்ளேயே எஃப்12 அழுத்துங்கள். திறக்கிற பலகத்தில் நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பதிவைத் தொடங்கிவிட்டு மேப்பை ஒருமுறை நகர்த்துங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது, எது தோற்றது என்று வரிசையாக வரும். அதைச் சேமித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். உள்ளே பாஸ்வேர்டு, டோக்கன் ஏதாவது இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.